இல்லைதானே?

"நாளைக்குக் கொஞ்சம் முன்னதாக வர முடியுமா? ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று டாக்டரிடமிருந்து வந்த செய்தியைப் படித்துவிட்டு, பாப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அல்லவா, போன வார இதழில்? அந்த 'நாளை' விடிந்துவிட்டது. பாப்பாதான் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பா என்றதும் யாரும் தொட்டிலைத் தேட வேண்டாம். வயது முப்பத்து நான்கு. கழுத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற அட்டை தொங்கும். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், நரை எட்டிப் பார்த்த பிறகும் உதிரவில்லை.

வேலையை விட்டு ஓய்ந்தவர்களின் மனசு என்ன பாடுபடுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. பேட்டிக்கு வருகிறவர்களுக்கு அவருடைய மொழி தெரியாது. நடுவில் பாப்பா.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கண்ணாடியை வாசல் பக்கம் மாட்டுவதா, உள்பக்கம் மாட்டுவதா என்று நான்கு மாதத்துக்கு முன் பேச்சு வந்தது. அதோடு பேச்சு நின்றது. அம்மா வீட்டில் இருந்தவரை தூது போனது அம்மா. அக்காவின் பிரசவத்துக்காக அம்மா கிளம்பிப் போனதும், அந்தப் பதவி பாப்பாவின் தலையில் விழுந்தது.

"பாப்பா, அவன்கிட்ட சொல்லு. கடைச் சாவி என்கிட்டதான் இருக்கு. காணோம் காணோம்னு ஊரைக் கூட்ட வேண்டாம்னு."

அவன் என்பது எதிர் நாற்காலி. கையை நீட்டினால் தோளைத் தொடலாம்.

"அவர்கிட்ட சொல்லு பாப்பா. ஊரைக் கூட்டறது யாரோட வழக்கம்னு ஊருக்கே தெரியும்னு."

இருவருக்கும் காது பழுதில்லை. ஆனால் காதில் விழுந்தது கணக்கில் வராது. பாப்பாவின் வாய் வழியாக வந்ததுதான் செல்லும். இந்தச் சண்டையின் சட்டம் அது.

"சித்தப்பா சரிங்கறார்ப்பா" என்றாள் பாப்பா.

அப்பா வெற்றியோடு தலையாட்டினார். சித்தப்பா தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

இப்படித்தான் பாப்பா வீட்டில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு திறமை என்றுகூட நினைத்திருந்தாள், டாக்டர் ஒரு பேட்டிப் பதிவைப் போட்டுக் காட்டும் வரை.

பேட்டி அறை மூன்றாவது மாடியில் இருந்தது. முக்கோணமாகப் போட்ட மூன்று நாற்காலி, சின்ன மேஜை, அதன் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி விட்டிருந்தார். அதன் வலது காலில் திருகு கழன்றிருப்பது கண்ணாடிக்கடைக்காரர் மகளின் கண்ணில் பட்டது. சொல்ல நல்ல நேரமாகத் தெரியவில்லை.

"இது போன வாரம் கிரேன் ஓட்டுநரிடம் எடுத்த பேட்டி. எதிர் அறையில் இருக்கும் இன்னொரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். வழக்கமாகச் செய்வதுதான்" என்றார் டாக்டர், தன் மொழியில். "என் கேள்வியைக் கேளுங்கள். பிறகு உங்கள் கேள்வியைக் கேளுங்கள்."

டாக்டரின் குரல் கேட்டது. சாக வேண்டும் என்று நினைத்தது உண்டா? அவ்வளவுதான் கேள்வி.

அடுத்து பாப்பாவின் குரல்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இது எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், உங்களை மட்டும் தனியா ஒண்ணும் கேக்கல. உங்களைப் பாத்தாலே தெரியுது, நல்ல தைரியசாலி. இருந்தாலும் கேக்கணுமேன்னு கேக்கறேன். மனசு கொஞ்சம் அப்படி இப்படி, அலுப்பா, ஒரு மாதிரி, அந்த மாதிரி யோசனையெல்லாம்… அதெல்லாம் இல்லைதானே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றது கிரேன்காரரின் குரல். பிறகு, மெதுவாக: "போய்ச் சேந்துட்டா தேவலைன்னு இருக்கும். அதை யாரு கேக்கறா."

பதிவில் பாப்பா டாக்டரிடம் உற்சாகமாகச் சொன்னாள்: "நன்றாக இருக்கிறாராம்."

டாக்டர் கருவியை நிறுத்தினார். பாப்பாவுக்கு முகம் எரிந்தது.

"அது சும்மா பேச்சுக்குச் சொல்வது டாக்டர். எங்கள் ஆட்கள் பேருந்து வரத் தாமதமானால்கூடப் போய்ச் சேர்ந்தால் தேவலை என்பார்கள்."

"இருக்கலாம். பேச்சுக்குச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். நான் யோசிக்க எனக்கு அந்த வாக்கியமே வரவில்லையே."

பாப்பாவுக்கு ரோஷம் வந்தது. "சொன்னதைச் சொன்னபடி சொன்னால் வேறு வம்பு வருகிறது. சலவைக்கடை அம்மாவை மறந்துவிட்டீர்களா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது என்றார் அந்த அம்மா. பாப்பா வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தாள். டாக்டர் பதறிப்போய் அவரை இதய மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே நெஞ்செல்லாம் வயரை ஒட்டிப் பரிசோதித்தார்கள். "கவலையைச் சொல்ல வந்தவளைப் படுக்க வெச்சுட்டாங்களே பாவிங்க" என்று அந்த அம்மா வாசல் வரை திட்டிக்கொண்டு போனார்.

"அதில் என் தவறும் இருக்கிறது" என்றார் டாக்டர். "இதிலும் இருக்கிறது. இந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பார்கள் என்று முதலிலேயே உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இப்போது உட்காருவோமா? அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ஆராய்ச்சிக்காக இல்லை, அவருக்காக."

வேலை போகவில்லை என்று தெரிந்ததும் பாப்பாவுக்கு மூச்சு வந்தது. கூடவே பயமும் வந்தது.

தற்கொலை எண்ணம் என்று கேட்கலாமா? அது செய்தித்தாள். உயிரை மாய்த்துக்கொள்ள? அது நாடக வசனம், கேட்டவர் கைதட்டுவார். விரக்தி? அந்த வார்த்தையைக் கிரேன்காரர் வாழ்நாளில் வாயில் போட்டிருக்க மாட்டார். கடைசியில் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த நாலு வார்த்தை. பாப்பா அதைச் சுவரிடம் கேட்டுப் பார்த்தாள். ஜன்னலிடம் கேட்டாள். தண்ணீர் கேனிடம் கேட்கும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"என்னம்மா, போன வாரப் பரீட்சையில நான் ஃபெயிலா? மறுபடி கூப்பிட்டிருக்கீங்க!"

கிரேன்காரர் கதவைத் திறந்தபோதே கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. வாழ்நாளெல்லாம் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து தரையோடு பேசியவர். பக்கத்து நாற்காலியோடும் அதே குரல்தான்.

பாப்பா மொழிபெயர்த்தாள். "ஃபெயிலானது நாங்கள். நீங்கள் இல்லை" என்றார் டாக்டர்.

கிரேன்காரருக்கு அது பிடித்துப்போயிற்று. சாவகாசமாக உட்கார்ந்து, பாப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "உனக்குக் கல்யாணம் ஆச்சாம்மா?"

இந்த அறையில் பேசப்படும் எல்லாமே அந்தப் பக்கம் போயாக வேண்டும். சற்றுமுன்தான் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டிருந்தாள். டாக்டர் பக்கம் திரும்பி அப்படியே கேட்டாள். டாக்டர் கொஞ்சமும் அசராமல் பதில் சொன்னார்.

பாப்பா கிரேன்காரர் பக்கம் திரும்பினாள். பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஆச்சு. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா!" கிரேன்காரர் பாப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா தெரியலையேம்மா!"

பாப்பா வாயைத் திறக்காமல் விரலால் டாக்டரைக் காட்டினாள். காட்டிக்கொண்டே மொழிபெயர்க்கவும் செய்தாள். மூன்று பேரும் சிரித்ததில் அறை கொஞ்சம் இளகியது.

பிறகு டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பாப்பாவின் நாக்கில் 'ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க' வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"செத்துப் போயிடலாம்னு நெனச்சது உண்டா?"

அவர் முதலில் பாப்பாவைப் பார்த்தார். பிறகு டாக்டரை. பிறகு தன் கைகளை.

"உண்டு" என்றார்.

அந்தக் குரலைப் பாப்பா அதுவரை கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல். அதே அளவில் டாக்டரிடம் சொன்னாள், ஒரே வார்த்தையாக.

"எப்போது? இன்றைக்கும் உண்டா?"

"போன மாசம். ஒரு நாள் முழுக்க அதே நெனப்பு. இன்னிக்கு இல்ல. ஆனா எப்ப வேணா வந்து நிக்கும்போல இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அத்தனை உசரத்துல உக்காந்திருந்தேன். ஒரு நாள் பயந்ததில்ல. இப்ப கீழ்த்தளத்துல வீடு. ஜன்னலைத் திறந்தா தரைதான். அங்க உக்காந்தா எனக்குப் பயமா இருக்கும்மா. சொன்னா சிரிப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கலாமா?" என்றார் டாக்டர்.

கிரேன்காரர் பாப்பாவைப் பார்த்தார், கோபமே இல்லாமல். "இந்தப் பொண்ணு 'இல்லைதானே'ன்னு கேட்டுது. அவ்வளவு ஆசையா ஒரு பொண்ணு 'இல்லைதானே'ன்னு கேக்கறப்ப 'இருக்கு'ன்னு எப்படிங்க சொல்றது? மனசு கஷ்டப்படாதா?"

இதையும் மொழிபெயர்க்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே, அவர் குரலில். பாப்பா சொன்னாள். 'ஆசையா' என்ற வார்த்தைக்கு டாக்டரின் மொழியில் ஈடு தேடி ஒரு கணம் தடுமாறினாள், பிறகு கிடைத்தது. கைக்குட்டைப் பெட்டி அன்றைக்குத் திறந்தது மொழிபெயர்ப்பாளருக்காகத்தான். அதை எடுத்து நீட்டியது கிரேன்காரர்.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமானவை. ஆனால் பெரியவை. கீழ்த்தளத்தில் இருக்கும் மனநல மருத்துவரை அன்றைக்கே பார்க்க அவர் சம்மதித்தார். பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கைக்குத் தகவல் போயிற்று. "சொல்லாம இருந்தியே அண்ணா" என்று அந்த அம்மா தொலைபேசியில் போட்ட சத்தத்தைப் பார்த்தால், குடும்பத்துக்கே குரல் அப்படித்தான் போலிருந்தது. டாக்டரே கூட நடந்தார், நடுவில் பாப்பா.

"மேல ஏறறது எனக்குப் பழக்கம்" என்றார் கிரேன்காரர், படிக்கட்டில். "எறங்கத்தான் துணைக்கு ஆள் வேணும்."

திரும்பி வந்ததும் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார்: "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

பாப்பா வழக்கம்போல மூன்றாவது நாற்காலியின் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

நாற்காலி காலியாக இருந்தது. கேள்வி தனக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. "உங்கள் கண்ணாடியில் திருகு கழன்றிருக்கிறது" என்றாள். டாக்டர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பாப்பா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனாள்.

கடையில் ஒரு தையல்காரர் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் இரும்புச் சட்டத்தை மூக்கில் சுமந்தபடி உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் சித்தப்பா.

"வாம்மா, நல்ல வேளை!" என்றார் தையல்காரர். "வந்ததுலேருந்து இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் பேசிட்டிருக்கேன். எனக்கு எழுத்து தெரியுதான்னு இன்னும் யாரும் கேக்கல."

பாப்பா முக்காலியை இழுத்து மூன்றாவது மூலையில் போட்டாள்.

"ரெண்டு பேரும் கேளுங்க. இனிமே சொன்னதைச் சொன்னபடிதான் சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். நீங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'தான்."

"எப்படியோ சொல்லு" என்றார் அப்பா, காதில் வாங்காமல். "அந்த மரமண்டைகிட்ட சொல்லு, இடது கண்ணுக்கு அவன் எடுத்த லென்ஸ் தப்புன்னு."

பாப்பா சித்தப்பாவின் கண்ணைப் பார்த்தாள். "மரமண்டை, இடது கண்ணுக்கு நீ எடுத்த லென்ஸ் தப்பு."

கடிகாரங்கூட யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா.

"என்ன சொன்ன?" என்றார் சித்தப்பா.

பாப்பா அப்பாவிடம் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"ஏய், பெத்த அப்பனையே நீ வா போன்னு பேசறியா!"

"ஏய், பெத்த அப்பனையே நீ வா போன்னு பேசறியா!" என்றாள் பாப்பா சித்தப்பாவிடம், அதே ஏற்ற இறக்கத்தோடு.

தையல்காரர் சிரித்ததில் மூக்கிலிருந்த லென்ஸ் ஒன்று கழன்று மடியில் விழுந்தது.

சித்தப்பா கடுகடுவென்று சொன்னார்: "அவர்கிட்ட சொல்லு, இதுவரைக்கும் அவர் தப்பா எடுத்த லென்ஸையெல்லாம் வரிசையா வெச்சா நிலாவுல இருக்கற பள்ளம்கூடத் தெரியும்னு."

பாப்பா ஒரு பள்ளம் குறையாமல் சொன்னாள். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. நேரில் காதில் விழுந்தபோது உறைக்காதது, மகள் வாயில் வந்ததும் உறைத்தது. "இத்தனை நாளா இப்படியா பேசிட்டிருந்தான்? நீ வேற மாதிரில்ல சொன்ன?"

பாப்பா பதில் சொல்வதற்குள் டீக்கடைப் பையன் இல்லை, டீக்கடை முதலாளியே தம்ளர்களோடு உள்ளே வந்தார். பாப்பாவின் பார்வை அவர் சட்டையில் நின்றது. நீலக் கட்டம் போட்டது. சித்தப்பாவின் சட்டை.

"உங்க சித்தப்பாதான் குடுத்தார்மா" என்றார் அவர் பெருமையாக. "எனக்கு மட்டுமா? வாட்ச்மேனுக்கு நாலு. அலமாரியையே காலி பண்ணிட்டார் மனுஷன்."

பாப்பா மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். பாதித் தட்டில் எழுந்து போவது. விடிகாலையில் மாடியில் கேட்கும் காலடிச் சத்தம். இப்போது, இருக்கிற பொருளையெல்லாம் எடுத்துக் கொடுப்பது. டாக்டர் கவனிக்கச் சொல்லிக்கொடுத்த அடையாளங்களில் இதுவும் ஒன்று. இவ்வளவு நாள் கண் முன்னால் நடந்தது. அவள் செய்ததெல்லாம், 'சித்தப்பா சரிங்கறார்ப்பா.'

யோசித்தால் வாய் வராது என்று தெரிந்து, யோசிக்காமல் கேட்டாள். யாருடைய கேள்வியும் இல்லை, அவளுடையதே.

"சித்தப்பா, செத்துப் போயிடலாம்னு நெனச்சது உண்டா?"

அப்பா துடைத்துக்கொண்டிருந்த லென்ஸ் கையிலேயே நின்றது. தையல்காரர் இரும்புச் சட்டத்தைக் கழற்றி, மரியாதையாக மடியில் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா அவளையே பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. இப்படி நேராக யாரும் அவரைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"இல்ல பாப்பா" என்றார். "தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை. எல்லாம் நெசந்தான். ஆனா சாகறதுக்கில்ல." தொண்டையைச் செருமினார். "கல்யாணம் பண்ணிக்கலாம்னு நெனச்சேன்."

கல்யாணமே வேண்டாம் என்று ஐம்பத்தாறு வயது வரை ஒண்டியாக இருந்துவிட்ட மனிதர், காது சிவக்க நின்றார்.

"டேய்." அப்பா லென்ஸைக் கீழே வைத்தார். "அவ கேட்டதும் எனக்கு மூச்சே நின்னுபோச்சுடா."

"அட, நேரா பேசிட்டார்!" என்றார் தையல்காரர்.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்திருந்ததையும் கவனித்ததாகத் தெரியவில்லை. "பண்ணிக்கோ. யாரு வேண்டாம்னாங்க? இதைச் சொல்லவா இவ்வளவு நாள்? பொண்ணு யாரு?"

"கோபப்படக் கூடாதுண்ணா."

"எனக்கென்ன கோபம்? யாரு?"

"எதிர்க் கடை."

அப்பா கையை விட்டார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. கணவர் போன பிறகு அந்த அம்மாள் தனியாளாக நடத்துவது. அதன் பெயரைக்கூட அப்பா சொல்ல மாட்டார், 'அந்தப் பக்கம்' என்பார். அந்தப் பக்கம் கதவை இறக்கும் முன் இந்தப் பக்கம் இறக்கியதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பக்கம் குளிர்சாதனம் வைத்த வாரம் இந்தப் பக்கம் வைத்தது மீன்தொட்டி.

"அந்தப் பக்கமா!"

"அவங்களுக்குக் கட்டம் போட்ட சட்டை பிடிக்காதுண்ணா" என்றார் சித்தப்பா, ஏதோ அதுதான் விளக்க வேண்டிய விஷயம் என்பதுபோல. "அதான் எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

பாப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது முதலில் என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. டீக்கடைக்காரர் தம்ளரை நீட்டினார்.

அப்பா விறுவிறுவென்று வாசல் கண்ணாடிக் கதவுக்குப் போனார். போன வேகத்திலேயே நின்றார். எதிர்க் கடை அம்மாள் தன் கடைப் படியிலிருந்து இறங்கி, இருபுறமும் பார்த்து, தெருவைக் கடந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கமாக.

"வராங்க!" அப்பா பின்வாங்கியதில் கண்ணாடிகள் மாட்டிய தாங்கி ஆடியது. "பாப்பா! நான் என்னத்தைப் பேசறது? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை பேசினதில்லையே. நீ நடுவுல இருந்து கொஞ்சம் பேசிக் கொடும்மா."

"முடியாதுப்பா. சொந்தக்காரங்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது. டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க."

"இத்தனை நாள் பண்ணியே!"

"அதனாலதான் இந்த நிலைமை."

சித்தப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தையல்காரர் என்ன நினைத்தாரோ, இரும்புச் சட்டத்தை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார், நன்றாகத் தெரியட்டும் என்று.

கதவு திறந்தது. அந்த அம்மாள் அப்பாவைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்க்கவில்லை. நேராகச் சித்தப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன, சொல்லியாச்சா? இல்ல, நானே சொல்லணுமா?"